கம்ப்யூட்டர் நம்பிய ஒருத்தி

மதினி,

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை மோட்டாரைச் செருப்பால் அடித்தேன். ஒரு அடியோடு நிற்கவும் இல்லை. அடித்து முடித்து, பக்கத்து வீட்டு ஜன்னலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அதே மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரும்புச் சாமான். உள்ளே சாமி இருக்கிறதோ சனியன் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. சூடேறிய மோட்டாரின் வாடையும் ஈர இரும்பின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், செருப்பு கையில் இருக்க, உன் நினைப்பு வந்துவிட்டது. பம்பு ஹவுஸிலிருந்து நீ வீட்டுக்கு வரும்போது உன் சேலையில் வரும் வாடை அது. "சென்ட் அடிச்சிருக்கியா மதினி" என்று கேட்பேன். "ஆமாட்டி, சர்க்கார் சென்ட்டு" என்பாய்.

இன்றைக்கென்று பார்த்து ஆலப்புழையிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன், பையனின் அம்மா, அப்பா. மேல்தொட்டியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பிளம்பர் போனை எடுக்கவில்லை. நான் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து தரை தேய்ந்துவிட்டது. "கையில எதையாவது குடுத்தாத்தான் இவ உக்காருவா" என்று நீ சொல்வாயே, அதனால் எனக்கு நானே ஒரு பேனாவைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். மலையாளத்தில் எழுதினால் என் கை ஓடும். ஆனால் மலையாள எழுத்தை நீ எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்ப்பாய், மேலே போனபின் மட்டும் வேகம் வந்திருக்குமா என்ன? ஆகவே தமிழில்.

இரு. முன்வாசல் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன். காற்றுதான் வந்தது, கிழவன் இருமுவதுபோல.

மதினி, தேவராவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த அந்த அறை உனக்கு நினைவிருக்கிறதா? செல்போன் பெரிய மனிதர்கள் கையில் மட்டும் இருந்த காலம். அண்ணன் மஞ்சள்காமாலையில் போய், அவனுடைய முனிசிபாலிட்டி வேலை உனக்கு வந்து, வேலை என்றால் துடைப்பம் என்று ஆகியிருந்தது. நான் முன்பே அதே கூட்டத்தில் தினக்கூலி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நாம் கூட்டுகிற நேரத்தில்தான் லாரியிலிருந்து சுக்கும் மிளகும் மிளகாய் வற்றலும் இறங்கும். எங்களுக்கெல்லாம் தும்மல் வரும், போய்விடும். உனக்கு இழுப்பு வரும், போகாது. டாக்டர் உன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "தூசி இல்லாத வேலையாகப் பாருங்கள், இல்லையென்றால் இந்த நெஞ்சு தாங்காது" என்றார். துப்புரவு வேலையில் தூசி இல்லாத இடம் என்றால், கடலில் ஈரமில்லாத இடம் மாதிரி.

அப்போதுதான் கால்வாய்க்கரை பம்பு ஹவுஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மழையில் தண்ணீர் ஏறினால் ஊர் முங்காமல் கடல் பக்கம் தள்ளிவிடுகிற பம்பு. துப்புரவுக்காரர்களும் பரீட்சைக்குப் போகலாம். பம்பு மக்கர் செய்தால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவராவில் ஒரு பயிற்சிக்கூடத்தில் கம்ப்யூட்டரே வாத்தியாராக உட்கார்ந்திருக்கிறதாம்.

"பம்புக்கும் நமக்கும் என்ன மதினி பந்தம்?" என்று கேட்டேன்.

"அங்க மொளகா வத்தல் இருக்காதுல்லா" என்றாய்.

துணைக்கு வருகிறேன் என்று என் பெயரையும் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் என்ற ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

எஞ்சினியரிங் படித்த ஒரு சின்ன வயசுக்காரர் இருந்தார். நம்மைவிட இளையவர், ஆனாலும் சார்தான். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். "சேச்சி, பேடிக்கண்டா, பயம் வேண்டாம். இது ஆளைக் கடிக்காது. ஆளைப் படிக்கும்" என்றார். நாம் எதைச் சரியாகச் செய்கிறோம், எங்கே தடுமாறுகிறோம் என்று அது கவனித்துக்கொண்டே இருக்குமாம். அதற்குத் தக்கபடி அடுத்த கணக்கைக் கொடுக்குமாம்.

"என் மாமியாரே இத்தன வருசமா என்னப் படிச்சு முடிக்கல சாரே" என்றேன். சார் சிரித்தார். நீ என் தொடையில் கிள்ளினாய்.

திரையில் ஒரு பம்பின் படம். குழாய், வால்வு, சுவிட்சுப் பலகை எல்லாம் வரைந்திருக்கும். கீழே மலையாளத்தில் ஒரு வரி: பம்பு ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்கள்? எதையாவது தொட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று காட்டும். காட்டிவிட்டுச் சும்மா இருக்காது. இதிலிருந்து உங்களுக்கு என்ன தெரிந்தது என்று கேட்கும். என்ன பதில் சொன்னாலும் ஏன் என்று கேட்கும். நம் குடும்பத்தில் யாரும் யாரையும் அவ்வளவு ஏன் கேட்டதில்லை. ஓரத்தில் பட்டை பட்டையாக நிறம் ஏறும்: கவனிப்பதற்கு ஒன்று, காரணம் சொல்வதற்கு ஒன்று, துணிந்து முடிவு செய்வதற்கு ஒன்று. பட்டைகள் நிறைந்தால் தேறிவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொரு மூலையில் ஒரு விளக்குப் படம். வழி தெரியாவிட்டால் அதைத் தட்டலாம். முதல் தட்டில் ஜாடையாகச் சொல்லும். அடுத்த தட்டில் கொஞ்சம் பச்சையாக. இன்னும் தட்டினால் விடையே விழுந்துவிடும். அதைக் கண்டுபிடித்தது நான்தான், பெருமையாகச் சொல்கிறேன். கேள்வியைப் படிக்கக்கூட வேண்டாம். நெல்லிமரத்தை உலுக்குவதுபோல உலுக்கினேன்.

"கைய எடுட்டி. நாம படிக்க வந்தமா, பொறுக்க வந்தமா?"

"பொலபொலன்னு விழுது மதினி, பொறுக்குனா என்ன?"

"பரீட்சைல எந்த மூலைல வெளக்கு இருக்கும்?"

கையை எடுத்துவிட்டேன்.

பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் எனக்கென்று காத்துக்கிடந்தது. நான் அதன் பக்கம் போகவே இல்லை. உனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும், மவுஸைக் குருவிக் குஞ்சுபோலப் பிடித்து, அமுக்கப் பயப்படுவாய். எனக்கு யோசனை என்றால் கொட்டாவி வரும். அதனால் நம் வழக்கப்படிதான் செய்தோம். ஒரு தட்டில் சாப்பிட்டோம், ஒரு குடையில் போனோம், ஒரு துடைப்பக்கட்டை உடைந்தால் மற்றதை மாறி மாறிப் பிடித்தோம். ஒரு நாற்காலியைப் பங்குபோட்டு உட்கார்வதா கஷ்டம்? உன் பெயரில் உள்ளே போவோம். நான் படிப்பேன், நீ யோசிப்பாய், நான் தட்டுவேன். பட்டைகள் பச்சைப்பசேலென்று ஏறின.

இரு மதினி. மோட்டார் தலையில் ஒரு திருகு இருக்கிறதல்லவா, அதைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஊற்றினேன். நிற்கவில்லை, கடகடவென்று கீழே இறங்கிவிட்டது. மகள் ஜன்னல் வழியாக, "அம்மா, பட்டுச்சேலையக் கட்டிட்டு அங்க என்ன செய்யுத?" என்று கேட்டாள். "உங்க அத்தகிட்ட பேசிட்டிருக்கேன்" என்றேன். அவள் அப்பாவைக் கூப்பிடப் போனாள்.

அவரைச் சொன்னதும்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. மீன் வாங்கப் போன மனிதர் மத்தியானம் ஆகியும் வரவில்லை. உலையில் சோறு குழைகிறது. நான் தெருவில் நின்று கத்துகிறேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே படியில் உட்கார்ந்து, அந்த மிஷின் கேட்கிற அதே நிதானத்தில் கேட்டாய்.

"தெரிஞ்சத முதல்ல சொல்லு. தெரியாததுக்குப் பெறவு போவோம்."

"என்ன தெரியும்? ஆளக் காணல, அதான் தெரியும்."

"என்ன உடுத்திட்டுப் போனாரு?"

"லுங்கி."

"லுங்கியோட படகேறி எறணாகுளம் போகமாட்டாரு. அப்ப இக்கரைதான். வழிய நடுவுல வெட்டு, மிஷின் சொல்லுத மாதிரி. ஒரு பாதி கழிஞ்சிரும். படகு ஜெட்டி முக்குச் சாயாக் கடைல கேளு, இந்தப் பக்கம் போனாரான்னு."

ஓடிப்போய்க் கேட்டேன். சாயாக் கடைச் சேட்டன் அவர் அந்த வழியாக வரவே இல்லை என்றார். அப்படியென்றால் வீட்டுக்கும் சாயாக் கடைக்கும் நடுவில்தான். நடுவில் இருந்தது ஒரு கேரம் கிளப்பும் ஒரு முடிவெட்டும் கடையும். முடிவெட்டும் கடையில், பாதி முகத்தில் சோப்பு காய்ந்துபோய், நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மீன் பை மடியில் இருந்தது, பூனை காலடியில் இருந்தது.

அன்றைக்குத்தான் மதினி, தேவராவில் நாம் கற்றுக்கொண்டது பம்பைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவாய்.

பரீட்சைக்குச் சில நாள் இருக்கையில் சார் நம் திரையைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். எல்லாப் பட்டையும் நிறைந்திருந்தது. "சேச்சி, இனி வரவேண்டாம். சேச்சிக்கு எல்லாம் வந்துவிட்டது என்று கம்ப்யூட்டரே சொல்கிறது" என்றார். நான் துள்ளினேன். தோப்பும்படியில் இறங்கிப் பழம்பொரி தின்னலாம் என்று உன்னை இழுத்தேன். நீ நாற்காலியை விட்டு எழவில்லை.

"சாரே, அது என்னப் பத்திச் சொல்லல" என்றாய்.

"பின்னே யாரைப் பத்தி?"

"எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு பொம்பளையா நெனச்சிருக்கு. யோசிக்கது நானு, தொடுறது இவ. அந்தப் பொம்பளைக்கு எல்லாம் தெரியும். ஆனா அவ பரீட்சைக்கு வரமாட்டா சாரே. நாந்தான் வருவேன்."

சார் திரையை விட்டு நம் ஒற்றை நாற்காலியைப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கு நாற்காலியில் எத்தனை பேர் என்று தெரியாது, அது விரலை மட்டும்தான் பார்க்கும் என்றார்.

"எல்லாத்தையும் அழிச்சிருங்க. முதல்லருந்து வாறேன்."

"எனக்குத் தெரிந்து யாரும் அழிக்கச் சொல்லிக் கேட்டதில்லை சேச்சி."

"இவளுக்கும் அந்தப் பொட்டியத் தொறந்து குடுங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. என்னமோ பாயிலிருந்து உருட்டிவிட்டதுபோல இருந்தது. பழம்பொரியும் இல்லை, பாராட்டும் இல்லை. முதுகுக்கு முதுகு உட்கார வைத்தாய். பட்டையெல்லாம் வெறுமையாகக் கிடந்தது, கூட்டிப் பெருக்கிய தெரு மாதிரி. நான் ஆத்திரத்தில் விளக்கைத் தட்டு தட்டென்று தட்டினேன். திடீரென்று திரையில் ஒரு வரி வந்தது: இவ்வளவு அவசரமாக உதவி கேட்கிறீர்களே, கேள்வியை ஒருமுறை படித்துப் பாருங்களேன். நான் அதை வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன். பின்னாலிருந்து நீ சிரித்த சிரிப்பில் உனக்கு இழுப்பே வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும் மதினி. ஒரே பாடம், ஒரே பம்பு. ஆனால் அந்த வாத்தியார் என்னிடம் எப்போதும் "பொறு, முதலில் பார்" என்றது. உன்னிடம் "பார்த்தது போதும், செய்" என்றது. நீ காரணத்தையெல்லாம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். துணிந்து முடிவு செய்கிற பட்டை மட்டும் உனக்கு ஏறவே மாட்டேன் என்றது. அண்ணன் போனபிறகு நீ எதையும் முதலில் தொட்டதில்லை என்பது எனக்கு அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை, பார். இத்தனை நாளும் உனக்குப் பதிலாகத் தொட்டுக்கொண்டிருந்தது நான்தானே.

பரீட்சை நாளன்றும் அந்தப் பட்டை முழுதாக நிறையவில்லை. பம்பு ஹவுஸ் வாசலில் நின்றோம். உன்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே நிஜப் பம்பு, இரைச்சலோடு ஓடுகிறது. தண்ணீர் மட்டும் வரவில்லை. வேண்டுமென்றே எங்கேயோ கோளாறு வைத்திருந்தார்கள். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாய். அதிகாரி வாட்சைப் பார்த்தார். "சேச்சி, ஞங்ஙளுக்கு ஊணு கழிக்கணும்" என்றார். அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

நீ உறிஞ்சுகிற குழாயின் இணைப்புக்கு முன்னால் வந்து நின்றாய். அங்கேதான் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. உன் கழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆனால் பம்பு அதிர்ந்துகொண்டிருக்கிறது, உன் கை எழவில்லை. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை, "தொடு மதினி" என்று ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒருமுறைதான். கால் மட்டும் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

நீ கையை வாளித் தண்ணீரில் நனைத்தாய். ஈர உள்ளங்கையை இணைப்பின்மேல் வைத்தாய். அது உன் தோலை உள்ளே இழுத்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். "இங்கன காத்து இழுக்குது சார்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஸ்பானரை எடுத்தாய். முறுக்கினாய். கொஞ்ச நேரத்தில் குழாய் ஒருமுறை விக்கி, கால்வாய்ப் பக்கம் தண்ணீர் தொபதொபவென்று கொட்டியது.

என் முறை வந்தபோது, வாத்தியார் சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். பொறுத்தேன். பார்த்தேன். இன்னும் பொறுத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று அதிகாரி சொன்னபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொறுமையில் தேறினேன், பரீட்சையில் தேறவில்லை.

உனக்குப் பம்பு ஹவுஸ், எனக்குப் பழைய துடைப்பம். எனக்கு அதில் வருத்தம் இருந்தது என்று நீ நினைத்தாய், அதனால்தான் பம்பு ஹவுஸ் மேசையில் எனக்கு ஒரு சாயா எப்போதும் மூடி வைத்திருப்பாய். வருத்தம் இல்லை மதினி. மழைக்காலத்தில் மட்டாஞ்சேரித் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, அது மெல்ல வடிவதைப் பார்த்து, "எங்க மதினி சுவிட்சப் போட்டுட்டா" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். தூசியில்லாமல் உனக்குப் பல வருடம் கிடைத்தது. கடைசியில் இழுப்பு உன்னைக் கண்டுபிடித்துவிட்டது. அதுவும் ஒவ்வொரு இடமாக விலக்கி, நடுவில் வெட்டித்தான் வந்து சேர்ந்திருக்கும்.

நீ போனபின் எனக்கு ஒரு இடத்தில் உட்காரவே முடிவதில்லை. எதைத் தொட்டாலும், யாராவது முதலில் யோசித்துச் சொல்லட்டும் என்று விரல் காத்து நிற்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் நம்பியதே ஒரு பொம்பளை, எல்லாம் தெரிந்தவள், அவளில் பாதி போய்விட்டாள். இப்போது கை மட்டும் மிச்சம்.

சரி. தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மோட்டார் ஓடுகிறது. கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. மேலே ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே இறங்குகிறது. அப்படியென்றால் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வால்வு பிடிக்கவில்லை. காரணம் சொல்லிவிட்டேன். பார்த்தது போதும். செய்கிறேன்.

*

அவர்கள் இப்போதுதான் போனார்கள், மதினி.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழ்த்தொட்டியிலிருந்து குழாயை இழுத்தேன். வால்வின் வாயில் என் குளியல் சோப்பின் உறை சிக்கியிருந்தது. எடுத்தேன், மாட்டினேன், தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டேன். மேல்தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டபோது, பக்கத்து வீட்டு ஜன்னலில் ஆள் இருந்தும் கைதட்டினேன். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பையனும் பரவாயில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்கிறான்.

முன்வாசல் குழாயைத் திறந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். மூடினேன் என்று எழுதவில்லை. தொட்டி நிறைந்ததும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. படியில் கழற்றி விட்டிருந்த செருப்புகளில், பையனின் அப்பாவுடைய வலது கால் செருப்பு மட்டும் ஓடை வழியாகக் கால்வாய்க்குப் போய்விட்டது. நீ இருந்திருந்தால் பம்பு ஹவுஸில் பிடித்து வைத்திருப்பாய். காலையில் மோட்டாரை அடித்த என் செருப்புகளைத் துடைத்து அவருக்குக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. போட்டுக்கொண்டு ஆலப்புழைக்குப் போனார்.